காற்று எங்கே போகிறது? மூன்றாவது சிலிண்டரில் ஒரு கசிவுச் சோதனை

வண்டி என்னிடம் வந்தபோதே அதன் தலைவிதி எழுதப்பட்டிருந்தது. முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப்பில், "மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை, ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டும்" என்று சொல்லியிருந்தார்கள். கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். ரிங் என்பது அந்த அழுத்தம் கீழே இறங்காமல் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம். உரிமையாளர் கேட்டது ஒரே கேள்வி: "பிரிப்பதற்கு முன்னால் உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?" இருக்கிறது. லீக் டவுன் டெஸ்டர் என்னும் கசிவுச் சோதனைக் கருவி அதற்காகவே இருக்கிறது. அன்று அது காட்டியதையும், நான் அதைத் தவறாகப் படித்த இரண்டு இடங்களையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

நான்கு சிலிண்டர், 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலின் முனையில் ஒரு திருகும் ஒரு லாக் நட்டும் வைத்து, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்யும் பழைய முறை. 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. அதில் பாதிக்கு மேல் எல்.பி.ஜி. கேஸில். இந்த எல்.பி.ஜி. விவரத்தைத் தொடக்கத்தில் ஒரு குறிப்பாகத்தான் எழுதிவைத்தேன். பிறகு அதுவே வழக்கின் மையமாயிற்று.

குறை இதுதான்: வண்டி நிற்கும்போது இன்ஜின் உதறும். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுழற்சி நிமிடத்துக்கு 2,000-ஐத் தாண்டினால் உதறல் ஏறக்குறைய மறைந்துவிடும். ஸ்கேனரில் பி0303 என்ற பிழைக் குறியீடு, அதாவது மூன்றாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தேன். குறை இடம் மாறவில்லை. இன்ஜெக்டரைக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை. பெட்ரோலுக்கு ஒரு தொகுதி, கேஸுக்கு வேறொரு தொகுதி என்று இந்த வண்டியில் இரண்டு இன்ஜெக்டர் வரிசைகள் உண்டு. இரண்டு எரிபொருளிலும் அதே சிலிண்டர் அதே மாதிரி உதறினால், இரண்டு இன்ஜெக்டர்களும் ஒரே நேரத்தில் கெட்டிருக்க வேண்டும். அது நடக்காத காரியம். ஆக, குறை சிலிண்டருக்குள்தான்.

கம்ப்ரஷன் கேஜ் முன்பு சொன்னதையே உறுதிசெய்தது: 185, 182, 128, 180 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு). மூன்றாவது சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தேன். ரிங் வழியாக அழுத்தம் போகிறதென்றால், அந்த ஆயில் சிறிது நேரம் இடுக்கை அடைத்து எண்ணை நன்றாகத் தூக்கிக் காட்டும். இங்கே 128 என்பது 136 ஆயிற்று, அவ்வளவுதான். நல்ல சிலிண்டரில் ஆயில் விட்டாலும் இந்த அளவு ஏறும். ரிங் என்ற தீர்ப்பின் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது இங்கே. சுழற்சி ஏறியதும் உதறல் மறைவதும் கசிவோடு பொருந்திப் போனது: வேகம் கூடக் கூட, ஓட்டை வழியாக வாயு தப்பிப்பதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது.

கருவியைப் பற்றிச் சிறிது

கம்ப்ரஷன் கேஜ் "எவ்வளவு அழுத்தம் எழுகிறது" என்று மட்டும் சொல்லும். பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் மூடியிருந்தாலோ, வால்வுகள் திறக்கும் நேரத்தை வகுக்கும் டைமிங் ஒரு பல் தள்ளியிருந்தாலோ அதன் எண் மாறிவிடும். கசிவுச் சோதனையில் இன்ஜின் சுற்றுவதில்லை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், பிளக் துளை வழியாகக் காம்ப்ரஸர் காற்றை உள்ளே விடுகிறோம். கருவியில் இரண்டு கேஜ்கள். நடுவில் ஒரு சிறு துளை. முதல் கேஜ் நாம் கொடுக்கும் அழுத்தம், இரண்டாவது சிலிண்டருக்குள் தங்கும் அழுத்தம். 100 கொடுத்து 90 தங்கினால் கசிவு 10 சதவீதம்.

நடுவில் இருக்கும் அந்தத் துளைதான் கருவியின் உயிர். துளை சிறியதாக இருந்தால் அதே சிலிண்டர் மோசமாகத் தெரியும். பெரியதாக இருந்தால் நல்லதாகத் தெரியும். சிறிய விமான இன்ஜின்களுக்கு, 5 அங்குலத்துக்கு உட்பட்ட விட்டமுள்ள சிலிண்டர்களில், 0.040 அங்குலத் துளையும் 80 பி.எஸ்.ஐ. அழுத்தமும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு வரையறுத்து வைத்திருக்கிறது. கார் பட்டறைகளுக்கு வரும் கருவிகளில் அப்படி ஒரே அளவு கிடையாது. அதனால் ஒருவர் கருவியில் வந்த 15-ஐயும் இன்னொருவர் கருவியில் வந்த 15-ஐயும் ஒப்பிடக் கூடாது. ஒரே கருவியில், ஒரே நாளில், நான்கு சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே நம்பத் தகுந்தது.

என்னுடைய கருவியில் துளை 1 மில்லிமீட்டர். அதைச் சரிபார்க்க ஒரு பித்தளை அடைப்பானில் அதே 1 மில்லிமீட்டர் துளை போட்டு வைத்திருக்கிறேன். கருவியின் குழாய் முனையில் அதை மாட்டி 100 பி.எஸ்.ஐ. கொடுத்தால் இரண்டாவது கேஜ் 78-இல் நிற்க வேண்டும். இதற்கு ஒரு பொருள் உண்டு: இந்தக் கருவியில் 22 சதவீதம் என்று வந்தால், அந்தச் சிலிண்டரில் இருக்கும் எல்லா இடுக்குகளையும் ஒன்றாகச் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஓட்டை. இப்படி மனத்தில் வைத்துக்கொண்டால் சதவீதம் வெறும் எண்ணாக இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் பொருளாகிறது. அன்று காலை அடைப்பானில் 78 வந்தது. கருவி சரி.

அளந்த விதம்

இன்ஜினை ஓட்டிச் சூடாக்கினேன். குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டனும் ரிங்கும் தங்கள் இடத்தில் விரிந்து உட்கார்ந்திருக்காது. எல்லா எண்ணும் சற்று மோசமாகவே வரும். ஆனால் ரேடியேட்டர் மூடியையும் திறந்தாக வேண்டும், அதில் குமிழி வருகிறதா என்று பார்க்க. கொதிக்கும் ரேடியேட்டரைத் திறப்பது உயிரோடு விளையாடுவது. மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்த முடியும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தேன். இன்ஜினின் உட்பகுதி அதற்குப் பிறகும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு போதும்.

நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஏர் ஃபில்டரை எடுத்துத் திராட்டிலை முழுவதும் திறந்து வைத்து, ஆயில் மூடியைக் கழற்றினேன். ஆயில் மூடி அருகிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதிக்கு, போகும் பி.சி.வி. ஹோஸை (இன்ஜினின் கீழறையில் சேரும் வாயுவை மீண்டும் உள்ளிழுக்கும் குழாய்) இடுக்கியால் நெரித்து மூடினேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரிங் வழியாகக் கீழே இறங்கும் காற்று அந்த ஹோஸ் வழியாக ஏறி இன்டேக்கில் சீறும். கேட்பவர் இன்லெட் வால்வு போய்விட்டது என்று முடிவுகட்டுவார்.

முதல் தவறை இங்கேதான் செய்தேன். மூன்றாவது சிலிண்டர்தானே கேள்வி என்று நேராக அதற்குப் போனேன். பிளக் துளையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டு, கிராங்க் புல்லி போல்ட்டைத் திருப்பி, குழல் அதிகபட்சம் எழும் இடத்தில் நிறுத்திக் காற்றைத் திறந்தேன். இரண்டாவது கேஜ் 15-க்கு விழுந்தது. 85 சதவீதக் கசிவு! பிஸ்டனில் ஓட்டையே விழுந்திருந்தால்தானே இவ்வளவு வரும் என்று திகைத்தேன். திராட்டிலில் காது வைத்தேன், சீறல். சைலன்சரில் கை வைத்தேன், அங்கேயும் காற்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் என்றால் பெரும்பாலும் விஷயம் வேறு: பிஸ்டன் உச்சியில்தான் இருக்கிறது, ஆனால் கம்ப்ரஷன் வீச்சின் உச்சியில் இல்லை, வெளியேற்று வீச்சின் உச்சியில் இருக்கிறது. அங்கே இரண்டு வால்வுகளும் சற்றுத் திறந்தே இருக்கும். கிராங்கை முழுதாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் முதலில் பிளக் துளையில் கட்டைவிரலை அழுத்தி வைத்து, உதவியாளரைக் கிராங்கைத் திருப்பச் சொன்னேன். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறினால் அது கம்ப்ரஷன் வீச்சு. அதன் பிறகே குழல்.

உச்சி என்பது துல்லியமாக உச்சியாக இருக்க வேண்டும். இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர். 100 பி.எஸ்.ஐ. கொடுக்கும்போது பிஸ்டன் தலையில் ஏறத்தாழ 290 கிலோ எடை ஏறி உட்கார்ந்தது போன்ற விசை. சரியான உச்சியில் அந்த விசை நேராகக் கிராங்க் பேரிங்கில் இறங்கிவிடும், எதுவும் சுற்றாது. சில பாகை விலகினாலும் கிராங்க் திடீரென்று சுற்றும். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியபடி விட்டால் அது கையை உடைக்கும். முதலில் 10, 15 பி.எஸ்.ஐ. மட்டும் கொடுத்து, பிஸ்டன் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஸ்பேனர் பிடியில் உணர்ந்து, தள்ளல் இல்லாத இடத்தைப் பிடித்துப் பிறகு அழுத்தத்தை உயர்த்துவது என் வழக்கம்.

கசிவு சதவீதத்தில்: முதல் சிலிண்டர் 9. இரண்டாவது 11. மூன்றாவது, இப்போது சரியான வீச்சில், 46. நான்காவது 26.

நான்காவதைப் பார்த்ததும் என் மனம் கலங்கியது. அது உதறாத சிலிண்டர், கம்ப்ரஷன் 180. சீறல் ஆயில் மூடியில் கேட்டது. ஒரு கணம், முன்பு ரிங் என்று சொன்னவர்கள் சரிதானோ என்று தோன்றியது. ஆனால் 180 பி.எஸ்.ஐ. எழும் சிலிண்டரில் 26 என்பது ஒட்டவில்லை. யோசித்துப் பார்த்தபோது பிடிபட்டது: உச்சியைச் சற்றுத் தாண்டிவிட்டுப் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்திருந்தேன். அப்படிச் செய்தால் ரிங் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் நின்றுவிடலாம். கிராங்கைக் கால் சுற்றுப் பின்னே கொண்டுபோய், சிறிது காற்றழுத்தம் இருக்கும் நிலையிலேயே சுழலும் திசையில் மெல்ல மேலே ஏற்றி உச்சியில் நிறுத்தினேன். 10. அங்கேயே மூன்று முறை இதைத் திரும்பச் செய்தேன். 10, 10, 11. மூன்றாவது சிலிண்டரையும் அதே முறையில் திரும்ப அளந்தேன். 46, 45, 46. இந்த எண் அசையவில்லை.

சீறல் எங்கே?

நான்கு சிலிண்டரிலுமே ஆயில் மூடிப் பக்கம் காது வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்டது. அது இயல்பு. ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விரிவதற்கென விட்ட இடைவெளி இருக்கும்வரை, புத்தம் புது இன்ஜினிலும் அங்கே சிறிது காற்று இறங்கியே தீரும். அந்த ஒலியைக் கேட்டதும் ரிங் போய்விட்டது என்று முடிவுசெய்வதுதான் இந்தச் சோதனையில் நான் அதிகம் பார்த்த பிழை. கேட்க வேண்டியது ஒலி இருக்கிறதா என்று அல்ல. மற்ற சிலிண்டர்களைவிட இந்தச் சிலிண்டரில் அதிகமாக இருக்கிறதா என்று. மூன்றாவதில் ஆயில் மூடி ஒலி மற்ற மூன்றைப் போலவே இருந்தது.

திராட்டில் அமைதி, ஆக இன்லெட் வால்வு இல்லை. ரேடியேட்டர் நீரில் ஒரு குமிழிகூட இல்லை. பக்கத்து சிலிண்டர்களின் பிளக் துளைகளில் காற்று இல்லை. ஆக, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிக்கொண்டது. சைலன்சர் வாயில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தேன். நடுவில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரும் மஃப்ளரும் ஒலியை விழுங்கிவிடுவதால் காது அங்கே ஏமாறும், காகிதம் ஏமாறாது. அது நின்று நிதானமாகப் படபடத்தது. உதவியாளர் காற்றை மூடியதும் தொங்கிவிட்டது. திறந்ததும் மீண்டும் எழுந்தது.

எக்ஸாஸ்ட் வால்வு, அதாவது எரிந்த வாயுவை வெளியே விடும் வால்வு. ஆனால் வால்வு என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை. வால்வு எரிந்துவிட்டதா, அல்லது வால்வு நன்றாக இருந்தும் ராக்கர் அதை அழுத்திப் பிடித்து மூடவிடாமல் வைத்திருக்கிறதா? இரண்டுக்கும் ஒலி ஒன்றே. முதலாவதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும். இரண்டாவதற்கு ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

ராக்கர் மூடியைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு முனையில் இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜின் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையவில்லை. 0.04-ம் நுழையவில்லை. கையேட்டின்படி அங்கே 0.26 முதல் 0.30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மற்ற எக்ஸாஸ்ட் வால்வுகள் 0.14, 0.11, 0.13. இன்லெட் வால்வுகள் எல்லாமே ஏறத்தாழ அளவுக்குள். அந்த வரிசையைத் தாளில் எழுதிப் பார்த்தபோது வழக்கு திறந்துகொண்டது. நான்கு எக்ஸாஸ்ட் வால்வுகளும் ஒரே திசையில் இறுகியிருக்கின்றன. மூன்றாவது மற்றவற்றைவிட முன்னே போய்விட்டது, அவ்வளவே. எல்.பி.ஜி.யில் ஓடும் இன்ஜின்களில் வால்வு அமரும் சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து ஹெட்டுக்குள் இறங்கும். வால்வு மேலே ஏறும். டேப்பெட் இடைவெளி சத்தமின்றிக் குறையும். இடைவெளி அதிகமானால் டக் டக் என்று ஒலித்து நம்மை எச்சரிக்கும். குறைந்தால் இன்ஜின் முன்னைவிட அமைதியாகத்தான் ஓடும். அதனாலேயே யாரும் திறந்து பார்ப்பதில்லை.

எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைச் சீட்டைத் தொடும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. முழுவதும் மூடாத வால்வுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதோடு, எரியும் வாயு அதே இடுக்கு வழியாகப் பீறிடுகிறது. விளிம்பு உருகத் தொடங்க அதிக நாள் ஆகாது.

சிலிண்டரில் காற்றழுத்தம் இருக்கும்போதே லாக் நட்டைத் தளர்த்தித் திருகைப் பின்னே எடுத்தேன். முதல் அரைச் சுற்றிலேயே சைலன்சர் காகிதத்தின் படபடப்பு குறைந்தது. கேஜ் முள் 54-லிருந்து மெல்ல ஏறியது: 60, 68, 73. அங்கே நின்றுவிட்டது. இன்னும் ஒரு சுற்றுத் தளர்த்தினேன், அசைவில்லை. சீட்டில் கார்பன் துகள் சிக்கியிருக்கலாம் என்று நைலான் சுத்தியலால் வால்வு முனையை இரண்டு முறை லேசாகத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் சைலன்சரில் புஸ் என்று காற்று வெடித்து அடங்கியது. 75.

46-இல் 21 ராக்கரின் அழுத்தமும், சிறிது கார்பன் துகளும். மீதி 25-இல் 10 போல எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ரிங் கசிவு. எஞ்சியது வால்வு முகத்தின் சேதம்.

ஹெட்டை மட்டும் கழற்றிய முடிவு

இடைவெளியை 0.28-க்கு வைத்து வண்டியைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். அப்படி வைத்து ஓட்டியும் பார்த்தேன். உதறல் பாதியாகக் குறைந்தது. உரிமையாளருக்கு அதுவே மகிழ்ச்சி. ஆனால் விளிம்பு எரியத் தொடங்கிய வால்வு தானாக ஆறாது. அந்த இடத்தில் வாயு போய்க்கொண்டே இருக்கும், பள்ளம் பெரிதாகும், ஒருநாள் துண்டு உடைந்து பிஸ்டன் மேல் விழும். கேஜையும் காகிதத்தையும் அவரிடமே காட்டி, ஹெட்டைக் கழற்ற வேண்டும், கீழ்ப்பகுதியைத் தொட வேண்டியதில்லை என்று சொன்னேன். ஆயில் மூடி ஒலி நான்கிலும் சமம், ஆயில் விட்டபோது கம்ப்ரஷன் எழவில்லை, மற்ற மூன்று சிலிண்டர்களும் 10 சதவீதத்தை ஒட்டி நிற்கின்றன: இந்த மூன்றும் ஒன்றாக நின்றதால்தான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

கழற்றியதும் மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முகத்தைச் சுற்றி வரவேண்டிய மங்கலான சாம்பல் வளையம், ஓரிடத்தில் நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுந்திருந்தது. அங்கே உலோகம் வெளிறி, விரல் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. சிலிண்டர் சுவர்களில் ஹோனிங் செய்தபோது, அதாவது தயாரிப்பில் நுணுக்கமாக உரசித் தீட்டியபோது, விழுந்த குறுக்குக் கோடுகள் நான்கிலும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லாமல் விட மனமில்லை. முதல் தீர்ப்பை நம்பியிருந்தால், நல்ல நிலையில் இருக்கும் ரிங்குகளையும் பேரிங்குகளையும் பிரித்துப் போட்டிருப்போம்.

கேஸுக்குத் தாங்கும் கடினமான எக்ஸாஸ்ட் சீட்டுகள் நான்கும், எக்ஸாஸ்ட் வால்வுகள் நான்கும் மாற்றப்பட்டன. அரைத்து முடித்த பிறகு ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு போர்ட்டிலும் (வால்வுக்குப் போகும் வாயு வழி) மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டேன். எந்த வால்வின் விளிம்பிலும் ஈரம் கசியவில்லை.

இந்தக் கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. ராக்கரைத் தள்ளும் கேம் ஷாஃப்டின் மூக்கு தேய்ந்து வால்வு பாதிதான் திறக்கிறது என்றால், மூடிய நிலையில் அளக்கும் இந்தச் சோதனை எல்லாம் நன்று என்றே சொல்லும். டைமிங் தள்ளியிருந்தாலும், வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். கசிவு இயல்பான அளவில் இருந்து கம்ப்ரஷன் மட்டும் குறைந்திருந்தால் நான் போகும் இடம் அதுவே.

பூட்டி, ஓட்டி, சூடாக்கி மறுபடி அளந்தபோது வரிசையாக 8, 9, 7, 9. கம்ப்ரஷன் மூன்றாவதில் 184. நின்றபடி ஓடும் இன்ஜின் மேல் நிமிர்த்தி வைத்த போல்ட் விழாமல் நின்றது. 1,500 கிலோமீட்டருக்குப் பிறகு வரச்சொல்லி, குளிர்ந்த நிலையில் இடைவெளிகளைப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் நான்கையும் 0.28-இல் வைத்திருந்தேன், மூன்று அப்படியே இருந்தன, மூன்றாவது 0.27. புதுச் சீட் படிவதற்கு அந்த அளவு இறக்கம் இருக்கும். எண்களை அதே தாளில் தேதியோடு எழுதி வண்டியின் கையேட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். அடுத்து 10,000 கிலோமீட்டரில் ஃபீலர் கேஜ், எது 0.20-க்குக் கீழே இறங்கியிருந்தாலும் அன்றே மறுபடி கசிவுச் சோதனை.